கடலடியில் ஓடிய அதிகாரம்

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கரைக்கு அருகில் வந்து நின்று குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சுகளோடு நகரத்தை விட்டுக் கிளம்பினார்கள். யாருக்கும் பிடிகொடுக்காமல் காரியத்தை முடிப்பவனைத் தமிழ்நாட்டில் இன்றும் ‘எம்டன்’ என்கிறார்கள். அந்தக் கப்பல் எங்கே, எதற்காகப் போய் மாட்டிக்கொண்டது என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படாத கதை.

நவம்பர் 9 காலை அது இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த டைரக்ஷன் தீவுக்குப் போனது. அங்கே கோட்டை இல்லை, படை இல்லை. ஈஸ்டர்ன் எக்ஸ்டென்ஷன் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தந்தி நிலையம்தான் இருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த், ஜாவாவின் பட்டேவியா, மொரிஷியஸை அடுத்த ராட்ரிக்ஸ் தீவு என மூன்று திசைகளிலிருந்தும் வந்த கடலடிக் கம்பிகள் அங்கே கூடின. ஹெல்முத் ஃபான் மூக்கே என்ற அதிகாரி சுமார் 50 மாலுமிகளோடு கரையேறிக் கருவிகளை உடைத்தார். கம்பிகளைத் தேடி வெட்ட ஆரம்பித்தார். ஆனால் அதற்குள், அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்ற செய்தியை நிலைய ஊழியர்கள் வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி திரும்பி வந்தது. பகல் முடிவதற்குள் எம்டன் சின்னாபின்னமாகி வடக்குக் கீலிங் தீவில் தரைதட்டிக் கிடந்தது. அதில் இருந்தவர்களில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சரக்குக் கப்பல்களை வேட்டையாடிக்கொண்டிருந்த ஒரு கப்பல் ஒரு கம்பிக்காக இவ்வளவு பெரிய ஆபத்தில் இறங்கியது ஏன்? விடை மூன்று மாதத்துக்கு முன்னால் இருக்கிறது. பிரிட்டன் போர் அறிவித்த சில மணி நேரத்துக்குள், ஆகஸ்ட் 5 அதிகாலையில், அலர்ட் என்ற பிரிட்டிஷ் கம்பிக் கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குப் போய் ஜெர்மனியின் கடலடிக் கம்பிகள் ஐந்தையும் இழுத்து அறுத்துப்போட்டது. அந்தக் கம்பிகள் கிளம்பிய ஊர் ஜெர்மனியின் எம்டன் நகரம். கப்பலுக்குச் சூட்டியதும் அந்த நகரத்தின் பெயரைத்தான். அன்றிலிருந்து ஜெர்மனி தூர தேசங்களோடு பேச வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய வானொலியை நம்ப வேண்டும், அல்லது அடுத்தவர் கம்பியை இரவல் கேட்க வேண்டும். 1917 ஜனவரியில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் மெக்சிகோவுக்கு ஒரு ரகசியத் தந்தி அனுப்பினார்: அமெரிக்காவோடு போர் மூண்டால் எங்களோடு சேருங்கள், டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை நீங்கள் மீட்டுக்கொள்ளலாம். அந்தத் தந்தி போனது இரவல் பெற்ற அமெரிக்கத் தூதரகக் கம்பி வழியாக. அந்தக் கம்பி லண்டன் வழியாகப் போனது. பிரிட்டிஷ் கடற்படையின் ‘அறை 40’ என்ற உளவுப் பிரிவு அதைப் பிடித்துச் சங்கேதத்தை உடைத்தது. மார்ச் 1 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் விஷயம் வெளியானது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் கம்பி யாருடையது என்ற கேள்வி ஒரு போரின் போக்கில் எவ்வளவு பாரமாக உட்கார முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

உலகத்தின் கடலடிக் கம்பிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு 1890களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கைகளில் இருந்தது. அந்த ஆதிக்கத்துக்கு ஆதாரம் ஒரு மரத்தின் பால்.

மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் வளர்ந்த கட்டாபெர்ச்சா மரத்தின் பால் இறுகினால் தோல்போல ஆகும். வெந்நீரில் போட்டால் இளகும், ஆறினால் கெட்டியாகும். 1843இல் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அது மின்சாரத்தைக் கசியவிடாது என்பதை 1848இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துச்சொன்னார். ரப்பர் கடல்நீரில் கெட்டுவிடும், அது கெடுவதில்லை. ஆழ்கடலின் குளிரும் அழுத்தமும் அதற்கு நல்லதாகவே அமைந்தன. ஆனால் பாலுக்காக மரத்தைக் கீறுவதோடு நிற்கவில்லை, மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு மரத்திலிருந்து பெரும்பாலும் ஒரு கிலோகூடத் தேறாது. அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு கம்பிக்கோ நூற்றுக்கணக்கான டன் தேவை. 1850களின் இறுதிக்குள் சிங்கப்பூர்த் தீவில் அந்த மரம் அநேகமாக இல்லாமலே போய்விட்டது. பிறகு கோடரி மலாயாவுக்கும் போர்னியோவுக்கும் நகர்ந்தது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே செய்தி பறந்த வேகத்துக்கு அந்தக் காடுகள் கொடுத்த விலை அக்காலத்து வெற்றிவிழாப் பேச்சுகளில் இடம்பெறவில்லை.

அட்லாண்டிக் கம்பியை 1858 ஆகஸ்டில் இணைத்தார்கள். விக்டோரியா ராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 சொல் வாழ்த்து போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது. தரையில் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடுகிற மின்சாரம் கடலடியில் ஏன் தவழ்ந்தது? உள்ளே செம்புக் கம்பி, அதைச் சுற்றி மின்காப்பு, அதற்கு வெளியே மின்சாரம் கடத்தும் உப்புநீர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மின்தேக்கி ஆகிவிடுகிறது. காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் மண் குடித்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு மெதுவாக வரும்; அனுப்பிய மின்துடிப்பும் அதுபோலக் கம்பி நெடுக மின்னூட்டத்தை நிரப்பிவிட்டுத்தான் மறுமுனைக்குப் போக முடியும். கம்பி நீள நீள மின்தடையும் கூடுகிறது, மின்தேக்கும் திறனும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குவதால் நீளம் இரு மடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தாம்சன் 1850களின் நடுவிலேயே இதைக் கணக்குப்போட்டுச் சொன்னார். இவர்தான் பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவர்.

அட்லாண்டிக் கம்பியைப் போட்ட கம்பெனியின் மின்பொறியாளர் வைல்ட்மன் வைட்ஹவுஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. சமிக்ஞை மங்கினால் மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. சுமார் 2,000 வோல்ட் வரை ஏற்றினார். ஏற்கெனவே பழுதுபட்டிருந்த மின்காப்பு அதில் பொத்துக்கொண்டது; கம்பி ஒரு மாதம்கூட உயிரோடு இல்லை. தாம்சனின் வழி வேறு. குறைந்த மின்னழுத்தத்தில் அனுப்பு, மறுமுனையில் மிக நுண்ணிய அசைவையும் காட்டும் கருவியை வை என்றார். சிறு கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி இடவலமாக நகர்வதைப் படிக்கும் கால்வனோமீட்டரை அவரே வடிவமைத்தார். 1866இல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட புதிய கம்பி நிமிடத்துக்கு எட்டுச் சொல் வரை அனுப்பியது. கட்டணம் ஆரம்பத்தில் 20 சொல்லுக்கு 20 பவுண்டு. அரசாங்கமும் பெரும் வியாபாரிகளும் பத்திரிகை முதலாளிகளும் தவிர வேறு யாரும் அதைத் தொட முடியாது.

1858இன் அந்த அற்பாயுசுக் கம்பியும் தன் வேலையைக் காட்டிவிட்டுத்தான் போனது. வட இந்தியாவில் கிளர்ச்சியை அடக்குவதற்காகக் கனடாவில் இருந்த இரண்டு பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளைத் திரும்ப அழைத்துக் கடிதம் போயிருந்தது. அதற்குள் நிலைமை மாறிவிட்டது. இனி வரத் தேவையில்லை என்று தந்தி பறந்தது. இந்த ஒரு செய்தியால் மிச்சமான பணம் சுமார் 50,000 பவுண்டு என்று அப்போதே கணக்கிட்டார்கள். கம்பியில் போட்ட முதலுக்கு அதைவிட நல்ல விளம்பரம் வேண்டியிருக்கவில்லை.

இந்தியாவுக்குள் தந்தி அதற்கு முன்பே வந்திருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷானசி 1839இலேயே கல்கத்தாவுக்கு வெளியே கம்பி கட்டிச் சோதித்துப் பார்த்தார். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபு ஆதரவு தர, 1855க்குள் கல்கத்தா, ஆக்ரா, பெஷாவர், பம்பாய், சென்னை எல்லாம் ஒரே வலையில் வந்தன. மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி 1857 மே 11 அன்று டெல்லித் தந்தி அலுவலகத்திலிருந்து அம்பாலாவுக்குப் போயிற்று. அங்கிருந்து அது பஞ்சாபுக்குப் பரவியது. மே 13 அன்று லாகூர் மியான் மீரில் இந்தியச் சிப்பாய்கள் ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. மீரட்டில் என்ன நடந்தது என்று அந்தச் சிப்பாய்களுக்குச் சரியாகத் தெரிவதற்கு முன்பே அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. கிளர்ச்சியாளர்கள் கம்பத்தைச் சாய்த்தார்கள், கம்பியை அறுத்தார்கள். தங்கள் எதிரி எதனால் முந்துகிறான் என்பதை அவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். ஆனால் லண்டனுக்குக் கம்பி இல்லாததால் மீரட் செய்தி அங்கே போய்ச்சேர ஜூன் இறுதி ஆகிவிட்டது. ஏறக்குறைய ஏழு வாரமான அந்தத் தாமதம் பிரிட்டிஷ் அரசை உலுக்கியது.

மான்செஸ்டர் பருத்தித் துணி வியாபாரியான ஜான் பெண்டர் இந்த இடத்தில் நுழைகிறார். துணி வியாபாரிக்குத் தூரத்துச் சந்தையின் விலை முன்கூட்டித் தெரிவதன் அருமை தெரியும். அவர் கட்டிய கம்பெனிகளின் கம்பிகள் 1870 ஜூனில் கார்ன்வால் கரையின் போர்த்கர்னோவிலிருந்து ஜிப்ரால்டர், மால்டா, சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாயைத் தொட்டன. அங்கிருந்து தரைவழி சென்னை. சென்னையிலிருந்து மறுபடி கடலில் இறங்கி, பினாங்கு, சிங்கப்பூர். 1871இல் அது ஹாங்காங் வரை நீண்டது; 1872இல் ஆஸ்திரேலியாவும் சேர்ந்தது. லண்டனுக்கும் கிழக்குக்கும் இடையே நடந்த பேச்சில் சென்னை ஒரு முக்கியமான கண்ணி ஆனது.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876இல் பருவமழை பொய்த்தது, மறுவருடமும் சரியில்லை. 1878 வரை நீடித்த கொடுமையில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதி சென்னை மாகாணம். அதே 1877, 1878 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை ஏற்றுமதி ஆனது.

தானியம் அடியோடு இல்லாததால் வந்த பஞ்சம் என்று இதைச் சொல்லி முடித்துவிட முடியாது. முன்பு ஒரு வட்டாரத்தின் விலை அந்த வட்டாரத்தின் விளைச்சலைப் பொறுத்தது. பக்கத்து மாவட்டத்தில் விலை ஏறிய சேதி மாட்டுவண்டி வேகத்தில்தான் வரும். தந்தியும் ரயிலும் வந்தபின் வறட்சி தொட்ட ஊரின் விலை, வறட்சி தொடாத ஊரிலும் அன்றே ஏறியது. லாபம் கிடைக்கும் இடத்துக்குத் தானியம் நகர்ந்தது. லாபம் கிடைத்த இடம் பசி அதிகமான இடமாக இருக்க வேண்டிய அவசியமில்லை. விலை தந்தி வேகத்தில் ஏறியபோது கூலி ஏறவில்லை. நெசவாளிக்கும் பண்ணையாளுக்கும் சந்தையில் தானியம் இருந்தது, வாங்கக் காசு இல்லை. பஞ்சத்தை உணவுப் பற்றாக்குறையாக மட்டும் பார்க்காமல், உணவைப் பெறும் வலு இழப்பதாகப் பார்க்க வேண்டும் என்று அமர்த்தியா சென் 1981இல் விரிவாக எழுதியது இந்த நிலைமைக்கும் பொருந்தும்.

அரசாங்கத்துக்குத் தகவல் கிடைக்கவில்லை என்றும் சொல்ல வழியில்லை. சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகன் 30,000 டன் தானியத்தை வாங்கி இருப்பு வைக்க ஏற்பாடு செய்தபோது, சந்தையில் தலையிடக் கூடாது என்று வைஸ்ராய் லிட்டனின் அரசு கண்டித்தது. லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைத்தார். இது உயிர்காக்கப் போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கடிதங்களும் தந்திகளும் இடைவிடாமல் பறந்துகொண்டிருந்தன. செய்தி போய்ச்சேரும் வேகம் கூடினால் மனிதாபிமானமும் கூடவே வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்த இரண்டு ஆண்டுகள் பலமான மறுப்பு.

இருந்தும் அதே கம்பி வேறொன்றையும் சுமந்தது. 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் உதவி கேட்டு லண்டன் மேயருக்குத் தந்தி கொடுத்தது. இங்கிலாந்திலும் குடியேற்ற நாடுகளிலும் திரண்ட நன்கொடை லட்சக்கணக்கான பவுண்டு. மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர் வில்லியம் டிக்பி இதில் முன்னின்று உழைத்தவர். அடுத்த ஆண்டே அரசின் பஞ்சக் கொள்கையைப் பற்றி இரண்டு தொகுதிப் புத்தகம் எழுதினார். ரயில் வலை பரவிய பிற்காலத்தில் மழை பொய்த்தாலும் பஞ்சச் சாவு குறைந்தது என்று ராபின் பர்கஸ், டேவ் டொனால்ட்சன் ஆகிய பொருளாதார அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பஞ்சத்தில் விலைச்செய்தி முதலில் போனது, வேண்டுகோள் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துப் போனது. கம்பியைப் போட்டவர்களும் காசு கொடுத்துப் பேசியவர்களும் யார் என்பதை வைத்துத்தான் அந்த வரிசை அமைந்தது.

செய்தித் தொழிலிலும் இதே கதை. புறாக்காலில் பங்குவிலை கட்டி அனுப்பித் தொழிலைத் தொடங்கிய ஜூலியஸ் ராய்ட்டர் 1851இல் லண்டனில் கடை விரித்தார். 1870 ஜனவரியில் ராய்ட்டர்ஸ், பிரான்சின் ஹவாஸ், ஜெர்மனியின் வொல்ஃப் ஆகிய மூன்று நிறுவனங்களும் உட்கார்ந்து உலகத்தைப் பாகம் பிரித்துக்கொண்டன. பிரிட்டிஷ் பேரரசும் கிழக்கு ஆசியாவும் ராய்ட்டர்ஸுக்கு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் செய்தி விற்கக் கூடாது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ்கூட இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கித்தான் இருந்தது. தங்கள் நாட்டைப் பற்றிக் கொலையும் கலவரமும் மட்டுமே வெளியே போகிறது என்று அதன் பொது மேலாளர் கென்ட் கூப்பர் பல வருடம் மன்றாடினார். 1934இல்தான் அந்த ஒப்பந்தம் உடைந்தது. அமெரிக்காவுக்கே இந்த நிலை என்றால் அடிமை நாடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய சுதேசமித்திரனில் 1904இல் பாரதி சேர்ந்தபோது, அவருக்குக் கிடைத்த முக்கிய வேலை ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது. ஜப்பான் ரஷ்யாவைத் தோற்கடித்த சேதியைத் தமிழ் வாசகர் படித்துச் சிலிர்த்ததும் அந்த வழியாகத்தான். லண்டனில் கோத்த செய்தியிலிருந்து அந்தத் தலைமுறைப் பத்திரிகையாளர்கள் வேறு அர்த்தம் எடுத்தார்கள். அது அவர்கள் திறமை. சொந்தச் செய்தி நிறுவனம் வேண்டும் என்ற நெடுநாள் ஆசையின் பலனாகப் பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா 1947 ஆகஸ்டில் சென்னையில் பதிவானது.

சாதாரண வீட்டுக்குத் தந்தி என்றால் வேறு அர்த்தம். தபால்காரர் தந்தி என்று குரல் கொடுத்ததும், பிரிப்பதற்கு முன்பே அழுகை கிளம்பும். அவசரம் உண்டு, காசு இல்லை என்றால் கடிதத்திலேயே ‘இதைத் தந்திபோல் பாவித்து உடனே புறப்பட்டு வரவும்’ என்று எழுதினார்கள். 2013 ஜூலையில் இந்தியாவில் அந்தச் சேவை முடிந்தது.

கடலடிக் கம்பி முடியவில்லை. கண்டங்களுக்கு இடையேயான தகவல் போக்குவரத்தில் 95 சதவீதத்துக்கு மேல் இன்றும் செயற்கைக்கோளில் போவதில்லை, கடலடிக் கண்ணாடி இழைகளில்தான் போகிறது. செம்பின் இடத்தில் ஒளியிழை, மரப்பாலின் இடத்தில் பாலிஎத்திலீன். ஒளி வழியில் மங்குவதால் சுமார் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வைக்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கரையிலிருந்து அதே கேபிளில் 10,000 வோல்ட் வரை போகிறது; வைட்ஹவுஸ் கம்பியைக் கொன்ற அழுத்தத்தைப் போல ஐந்து மடங்கு. 2002இல் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போட்ட ஐ2ஐ கேபிள், 1871இன் தந்திக் கம்பி இணைத்த அதே இரண்டு துறைமுகங்களைத்தான் இணைக்கிறது. 2013இல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், பிரிட்டிஷ் உளவு நிறுவனம் கடலடிக் கேபிள்களில் ஓடும் தகவலை மொத்தமாக அள்ளியதைக் காட்டின. அறை 40 செய்ததன் தொடர்ச்சி அது. பெண்டரின் இடத்தில் இப்போது கூகுளும் மெட்டாவும் நிற்கின்றன. ஆப்பிரிக்காவைச் சுற்றி 45,000 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்ட 2ஆப்பிரிக்கா கேபிளை முன்னின்று நடத்துவது மெட்டா.

கம்பியை அறுக்கும் அதிகாரமும் கைமாறி வந்திருக்கிறது, இந்தியாவில் அது சட்டப் புத்தகம் வழியாக வந்தது. 1885இல் பிரிட்டிஷ் அரசு இயற்றிய இந்தியத் தந்திச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, பொது அவசரத்தின் பெயரில் செய்திகளை நிறுத்தவும் இடைமறிக்கவும் அரசுக்கு உரிமை கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2017இல் எழுதிய விதிகளை வைத்துத்தான் மாவட்டம் மாவட்டமாக இணையத்தை நிறுத்தினார்கள். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொடங்கிய தடை மாதக்கணக்கில் நீண்டது. 2023இல் மணிப்பூரும் அதை அனுபவித்தது. இணையம் நின்றால் பணப் பரிவர்த்தனை நிற்கிறது, மாணவர் விண்ணப்பம் நிற்கிறது, மருத்துவமனையைத் தேடுபவர் தவிக்கிறார். அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நீட்டிக்கக் கூடாது என்றது. 1885இன் சட்டத்துக்குப் பதிலாக இயற்றிய 2023இன் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் நிறுத்தும் அதிகாரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. நாட்டில் எத்தனை முறை, எங்கே, எவ்வளவு நேரம் இணையத்தை நிறுத்தினீர்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று கேட்டபோது, தொலைத்தொடர்புத் துறையிடமும் உள்துறை அமைச்சகத்திடமும் அந்தக் கணக்கு இல்லை என்பது 2021 டிசம்பர் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அந்தக் கணக்கை வைப்பதும், ஒவ்வொரு உத்தரவையும் காரணத்தோடு அன்றே வெளியிடுவதும் அரசு உடனே செய்யக்கூடிய வேலை. அதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.